புது வீட்டு விசேஷம்: வர்ற மொய்ய எப்படி வாங்கணும், போறவங்க கைல என்ன குடுத்து அனுப்பணும்

கிரகப்பிரவேசத்துக்குப் போறவங்க என்ன கிஃப்ட் வாங்கிட்டுப் போகணும்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. வீட்டுக்காரங்க வர்றத எப்படி வாங்கணும், யாருக்கு என்ன வெச்சுக் குடுக்கணும், எத எழுதி வெக்கணும்னு சொல்லத்தான் ஆள் இல்ல. மேஸ்திரி கூட மல்லுக்கட்டி, பேங்க்ல கடைசி தவணை லோன் ரிலீஸ் பண்ண அலைஞ்சு, ஹோமத்துக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டிட்டு இருப்பாங்க, அந்த நேரத்துல இதெல்லாம் மண்டைல ஏறவே ஏறாது. அப்புறம் எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு "எங்க அக்காவுக்கு ஒரு ரவிக்கைத் துணி கூட வெச்சுக் குடுக்கல"னு ஒரு பேச்சு கெளம்பும், அது பத்து வருஷத்துக்கு ஓடும். வீடு கட்டுன கதை மறந்துரும், இது மறக்காது.

கீழ சொல்றதெல்லாம் தமிழ்நாட்டுல ஒரு சாதாரண நடுத்தரக் குடும்பத்து வழக்கம். ஊருக்கு ஊர் மாறும், உங்க வீட்டுப் பெரியவங்க வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றதுதான் ஃபைனல். கிறிஸ்தவங்க வீட்டுல ஃபாதர் வந்து வீடு மந்திரிப்பாரு, முஸ்லிம் வீட்டுல ஓதி முடிச்சு நார்சான்னு இனிப்பு குடுப்பாங்க, சடங்குதான் வேற, வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாதுங்கறது எல்லா வீட்டுலயும் ஒன்னுதான்.

மொதல்ல பத்திரிகை

மொய் வாங்கப் போறீங்களா இல்லையான்னு பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடியே புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணிருங்க. "அன்பளிப்பு தவிர்க்கவும்"னு ஒரு வரி இப்ப நெறைய பத்திரிகைல வருது. நல்ல விஷயம்தான், ஆனா அத அடிச்சுட்டு வாசல்ல மொய் டேபிள் போடுறது மாதிரி அசிங்கம் வேற இல்ல. கடன் வாங்கிக் கட்டுன வீடு, மொய் வந்தா உதவும்னா அந்த வரியவே போடாதீங்க, யாரும் தப்பா நெனைக்கப் போறதில்ல, மொய்யே அதுக்குத்தானே இருக்கு. அதே மாதிரி ரெண்டு தலைமுறையா எல்லார் வீட்டுலயும் மொய் செஞ்ச குடும்பம் திடீர்னு தவிர்க்கவும்னு போட்டா சொந்தக்காரங்களுக்குக் கோவம் வரும். "நாங்க பட்ட கடன திருப்பிச் செய்ய விடமாட்டேங்கிறியே, ஒங்க வீட்டுக்கு நாங்க கடன்காரங்களாவே இருக்கணுமா"னு கேப்பாங்க, அந்தக் கேள்வில நியாயம் இருக்கு.

தவிர்க்கவும்னு போட்டும் பெரியப்பா ஒருத்தர் கவர நீட்டத்தான் செய்வாரு. அவர்கிட்ட "பத்திரிகைல போட்ருக்கோமே பெரியப்பா"னு நடு ஹால்ல நின்னு வாதாடாதீங்க. பெரியவங்க குடுத்தா ஆசீர்வாதம், வாங்கி பூஜை ரூம்ல வெச்சுட்டு கால்ல விழுந்துருங்க. ஆபீஸ் ஆளுங்க, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மட்டும் கறாரா இருந்தா போதும்.

க்யூஆர் கோட பத்திரிகைலயே பிரிண்ட் பண்றாங்க சில பேர். என்னக் கேட்டா அது வேணாம், கூப்பிடும்போதே காசு கேக்குற மாதிரி இருக்கு. மொய் டேபிள் மேல ஒரு ஸ்டாண்ட்ல வெச்சுக்கங்க, வேணுங்கறவங்க ஸ்கேன் பண்ணிக்குவாங்க. வெளிநாட்டுல இருக்கிற மச்சான் அனுப்பணும்னா அவரே நம்பர் கேப்பாரு.

"என்ன வேணும் சொல்லு"னு கேக்குறவங்க

நெருங்குன சொந்தம் ஃபோன் பண்ணி வீட்டுக்கு என்ன வேணும்னு கேப்பாங்க. நாம உடனே "அதெல்லாம் ஒன்னும் வேணாம் அத்த, நீங்க வந்தாலே போதும்"னு சொல்லிருவோம். கடைசில என்ன ஆகும்? ஆறு சுவர்க் கடிகாரம், ஏழு பிள்ளையார் படம், எண்ண முடியாத அளவுக்கு ஹாட்பேக். உண்மையாவே கேக்குறவங்களுக்கு உண்மையான பதில் சொல்லலாம், அதுல தப்பே இல்ல. மொதல் தடவ வேணாம்னு சொல்லுங்க, ரெண்டாவது தடவையும் விடாம கேட்டா அப்ப ஒரு பொருளச் சொல்லுங்க, அவங்க வசதி தெரிஞ்சு சொல்லுங்க. "மிக்ஸி நாங்க வாங்கிட்டோம் சித்தி, ஒரு சின்ன இட்லி பானை இருந்தா நல்லாருக்கும்". அவ்ளோதான். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்லாம் கூடப் பொறந்தவங்க நாலு பேர் சேந்து வாங்கித் தர்றதா இருந்தா மட்டும் பேசணும், அதையும் நீங்களே பேசக் கூடாது. தங்கச்சியோ மச்சினிச்சியோ யாராவது ஒருத்தர்கிட்ட லிஸ்ட்டக் குடுத்துட்டா அவங்க வாட்ஸ்அப்ல சுத்தி விட்ருவாங்க, "அவங்க ஃபேன் வாங்குறாங்களாம், நீங்க அடுப்பு பாத்துக்கங்க"னு அவங்க சொல்றதுக்கும் நீங்க சொல்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

சாமி படத்த மட்டும் முன்னாடியே தடுத்துருங்க. எந்தச் சாமி படம் பூஜை ரூம்ல வெக்கறதுனு வீட்டுல முடிவாயிருக்கும், கூடுதலா வந்தத மாட்டவும் முடியாது தூக்கிப் போடவும் மனசு வராது, கடைசில கோயில் அரசமரத்தடில வெச்சுட்டு வந்துருவாங்க. மரத்தடி பூரா கண்ணாடி உடைஞ்ச படமா கெடக்குது ஊர்ல. "படமெல்லாம் குலதெய்வம் கோயில்லயே வாங்கிட்டோம்"னு ஒரு வார்த்த சொல்லி வெச்சா முடிஞ்சது.

பொறந்த வீட்டுச் சீர்

வீட்டம்மாவோட அம்மா வீட்டுல இருந்து தட்டு வரிசை வரும். குத்துவிளக்கு, பட்டுச்சேலை, வேட்டி சட்டை, பழம், பூ, மஞ்சள் குங்குமம், பால் காய்ச்ச பாத்திரம், சில ஊர்ல அடுப்பும் சேத்தி. தாய்மாமன் தனியா கொண்டு வருவாரு. இதுல வீட்டுக்காரங்க செய்ய வேண்டிய வேலை நாலு இருக்கு.

சீர் வாசலுக்கு வரும்போது ஒருத்தர் அங்க நிக்கணும், ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிடணும். அவங்க தட்ட தூக்கிட்டு வெயில்ல நிக்க, வீட்டுக்காரரு உள்ள கேட்டரிங்காரர்கிட்ட சாம்பார் பத்தல்லன்னு பேசிட்டு இருந்தா அந்தக் காட்சி காலத்துக்கும் மறக்காது. அதனால அவங்க கெளம்புனதும் ஒரு ஃபோன், தெருமுனை வந்ததும் ஒரு ஃபோன் பண்ணச் சொல்லி வெச்சுக்கங்க. ஆரத்தி எடுக்கறவங்க தட்டுல காசு போடணும், வீட்டுக்காரர் சட்டைப் பையில அம்பது நூறு நோட்டா கொஞ்சம் அன்னிக்குக் கட்டாயம் இருக்கணும், ஜிபே பண்றேன்னு நாத்தனார்கிட்ட சொல்ல முடியாது.

கொண்டு வந்த சேலைய அன்னிக்கே கட்டணும். மாமியார் எடுத்துக் குடுத்த சேலை எப்ப, அம்மா வீட்டுச் சேலை எப்பன்னு மொத நாளே பேசி வெச்சுக்கங்க, ஹோமத்துக்கு ஒன்னு, அது முடிஞ்சு வந்தவங்க கூட நிக்கும்போது ஒன்னுன்னு பிரிச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் சந்தோஷம். மூணாவதா, சீர எண்ணிப் பாக்குறது, "விளக்கு வெள்ளில வரும்னு நெனச்சேன்"னு மாமியார் முணுமுணுக்குறது, இதெல்லாம் யார் வாய்லயும் வராம பாத்துக்கறது வீட்டுக்காரரோட பொறுப்பு, அம்மாகிட்ட அவருதான் சொல்லணும்.

கடைசியா தட்டு. அவங்க கொண்டு வந்த தாம்பாளத்த வெறும் தட்டா திருப்பிக் குடுக்கக் கூடாது. ரெண்டு வாழைப்பழம், வெத்தலை பாக்கு, கொஞ்சம் பூ, இல்லன்னா ஹோமத்துப் பிரசாதம் ஏதாவது வெச்சுத்தான் குடுக்கணும். யாராவது டிபன் பாக்ஸ்ல, தூக்குச்சட்டில பலகாரம் கொண்டு வந்தாலும் இதே கணக்குதான், ஒன்னும் இல்லாட்டி ஒரு கைப்பிடி சக்கரையாவது போட்டுக் குடுங்க. சமையல்கட்டுல பாத்திரம் கழுவுற அம்மாகிட்ட இத முன்னாடியே சொல்லணும், இல்லாட்டி அவங்க பாட்டுக்குத் தேச்சு கவுத்தி வெச்சுருவாங்க, யார் தட்டு எதுன்னே தெரியாது. தட்டுக்கு அடில ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி பேர் எழுதிருங்க.

கூடப் பொறந்த அக்கா தங்கச்சிங்களுக்கு நீங்க சேலை எடுத்துக் குடுக்கணும், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. இத விட்டுட்டு வேற எத செஞ்சாலும் பிரயோஜனம் இல்ல, வீட்டுப் பொண்ணுக்கு மரியாதை அதுதான்.

மொய் டேபிள்

ரெண்டு பேர் உக்காரணும், ஒருத்தர் எழுத, ஒருத்தர் காசு வாங்கி எண்ணிப் போட. ஒரே ஆள் ரெண்டையும் செஞ்சா கூட்டம் வர்ற அந்த அரை மணி நேரத்துல கணக்கு கண்டிப்பா இடிக்கும். ரெண்டு பேர்ல ஒருத்தர் சொந்தக்காரங்க மொகம் தெரிஞ்ச ஆளா இருக்கணும். காலேஜ் படிக்கிற பசங்கள உக்கார வெச்சா கையெழுத்து அழகா இருக்கும், ஆனா தாத்தாவோட பங்காளி வந்து நின்னா யாருன்னே தெரியாம "பேரு சொல்லுங்க சார்"னு கேப்பாங்க, அவரு மொகம் சுருங்கிரும்.

நோட்டுல பிள்ளையார் சுழி போட்டு தாய்மாமன் பேர மொதல்ல எழுதுறது நெறைய ஊர்ல வழக்கம். ஊர் பேர், அப்பா பேரோ இனிஷியலோ, பேர், தொகை, இந்த நாலும் வேணும். முருகேசன்னு மட்டும் எழுதுனா அஞ்சு வருஷம் கழிச்சு எந்த முருகேசன்னு தலையப் பிச்சுக்கணும். "மேலத்தெரு, டீக்கடை"னு ஒரு அடையாளம் சேத்து எழுதுனா நூறு வருஷம் ஆனாலும் தெரியும். வர முடியாதவங்க யார்கிட்டயாவது கொடுத்து விட்டுருப்பாங்க, அப்ப கொடுத்து விட்டவர் பேர எழுதி பக்கத்துல "கை"ன்னு போட்டு கொண்டு வந்தவர் பேரையும் எழுதணும். அன்னிக்கு ராத்திரியோ மறுநாளோ கொடுத்து விட்டவருக்கு ஃபோன் பண்ணி வந்து சேந்துச்சுனு சொல்லிருங்க, இது நன்றி சொன்ன மாதிரியும் ஆச்சு, காசு நடுவுல எங்கயும் தங்கலன்னு அவருக்குத் தெரிஞ்ச மாதிரியும் ஆச்சு.

கவர பிரிச்சு அங்கயே எண்ணலாமான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. மதுரை, தேனி பக்கம்லாம் பிரிச்சு எண்ணி எழுதறதுதான் முறை, இப்பல்லாம் லேப்டாப்ல ஏத்தி அங்கயே ரசீது பிரிண்ட் பண்ணிக் குடுக்குறாங்க, மைக்ல வாசிக்கிற ஊரும் இருக்கு. சென்னைல அப்பார்ட்மென்ட்ல ஒரு கிரகப்பிரவேசத்துல அப்படிப் பிரிச்சா வந்தவங்க திகைச்சுப் போயிருவாங்க, அங்க கவர் மேல பேர் மட்டும் இருக்கான்னு பாத்து பைக்குள்ள போட்டுட்டு ராத்திரி எண்ணுங்க. பேர் எழுதாத கவர் நாலஞ்சு எப்பவும் வரும், வாங்கும்போதே பேனாவ நீட்டி "பேர் மட்டும் எழுதிருங்கண்ணே"னு கேட்டுருங்க, அதுல கூச்சமே படாதீங்க. மைக்ல வாசிக்கிறது மட்டும் எனக்குப் புடிக்காது. 101 ரூபா வெச்சவரு அந்த நூத்தியோரு ரூபாய்க்கு என்ன பாடுபட்டாருன்னு நமக்குத் தெரியாது, எந்தத் தொகையா இருந்தாலும் எழுதுறவங்க மொகம் ஒரே மாதிரி இருக்கணும், சத்தமா தொகையத் திருப்பிச் சொல்லவும் கூடாது.

பொருளா வந்தா அதையும் அதே நோட்டுல எழுதுங்க, பார்சல் மேல மார்க்கர்ல பேர் எழுதி ஒரு ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிருங்க. வந்தவங்க முன்னாடி பிரிக்க வேணாம், சின்னப் பசங்க கிழிச்சுப் பாக்க ஓடுவாங்க, விடாதீங்க.

தாம்பூலப் பை

இதுலதான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மொத கேள்வி எத்தன பை. பை குடும்பத்துக்கு ஒன்னு, தலைக்கு ஒன்னு கெடையாது. ஆனா ஒரே பத்திரிகைல அண்ணன் தம்பி ரெண்டு குடும்பமும் வந்தா? தனி அடுப்புன்னா தனி பை, இந்த ஒரு விதிய வெச்சுக்கிட்டா குழப்பமே வராது. மாமியார் மருமக ஒரே வீடுன்னாலும் ரெண்டு பேரும் வந்து நின்னா ரெண்டு பேருக்கும் குடுத்துருங்க, ஒரு பைல என்ன ஆகிரப் போகுது. பத்திரிகை வெச்ச எண்ணிக்கைக்குச் சமமா பை தயார் பண்ணுனா பொதுவா கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சறது நல்லது, அப்புறம் வீடு பாக்க வர்றவங்களுக்கு ஆகும்.

பை துணிப் பைதான். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக் பைக்குத் தடை, துணி மாதிரியே தெரியுற அந்த கலர் கலரான நான் ஓவன் பையும் அந்தத் தடைல வருதுன்னு நெறைய பேருக்குத் தெரியாது, கடைக்காரரும் சொல்ல மாட்டாரு. மஞ்சப்பையே வாங்குங்க, மங்களகரமாவும் இருக்கு, அரசாங்கமே 2021 டிசம்பர்ல இருந்து மீண்டும் மஞ்சப்பைன்னு சொல்லிட்டுதான் இருக்கு. பேர் பிரிண்ட் பண்றீங்கன்னா உங்க பேரும் ஊரும் போதும், தேதி போடாதீங்க. மிஞ்சுன பைய அடுத்த விசேஷத்துக்கு எடுத்துக்கலாம்ல.

உள்ள என்ன? வெத்தலை ரெண்டு, பாக்கு, மஞ்சள் குங்குமம் சின்ன பாக்கெட், ஒரு தேங்காய், ரெண்டு வாழைப்பழம். இது போதும், இது அடிப்படை. ஒரு கவுளின்னா 100 வெத்தலை, அப்ப 200 பைக்கு நாலு கவுளி, கிழிஞ்சது வாடுனது போக அஞ்சா வாங்கிக்கங்க. மொத நாள் சாயங்காலம் வாங்கி ஈரத்துணில சுத்தி வெச்சா மறுநாள் வரைக்கும் நிக்கும். சோழவந்தான், ஆத்தூர், கும்பகோணம் வெத்தலைக்கெல்லாம் புவிசார் குறியீடே இருக்கு, அந்தப் பக்கத்து ஆளுங்கன்னா நேரா அங்கயே சொல்லி வெச்சு வாங்குங்க. தேங்காய் விக்கிற விலைக்கு இருக்கறதுலயே சின்னதா பாத்து வாங்கத் தோணும், சின்னதா இருந்தா பரவாயில்ல, அழுகலா இருக்கக் கூடாது. கொண்டு போய் வீட்டுல உடைச்சுப் பாத்து அழுகி இருந்தா சகுனம் அது இதுன்னு பேச்சாயிரும், யார் வீட்டுப் பைன்னு வேற அதுலயே பிரிண்ட் பண்ணி வெச்சுருக்கீங்க. குடுமியோட இருக்கிற முத்துன காயா, ஒவ்வொன்னையும் காதுகிட்ட ஆட்டிப் பாத்து, தண்ணிச் சத்தம் கேக்குறதா எடுக்கணும், கண்ணு பக்கம் ஈரமா கசிஞ்சு இருந்தா அத ஒதுக்கிருங்க. இந்த வேலைக்கு வீட்டுல ஒரு தாத்தா கண்டிப்பா இருப்பாரு, அவர்கிட்ட மூட்டைய விட்டுருங்க, அவருக்கும் சந்தோஷம்.

பைல அடில தேங்காய், மேல மத்தது, வாழைப்பழம் மட்டும் கடைசி நேரத்துல. ராத்திரியே பழத்தயும் போட்டு அடுக்கி வெச்சா காலைல தேங்காய் இடிச்சு பை பூரா கூழாயிரும்.

ரிட்டர்ன் கிஃப்ட்னு தனியா ஒன்னு வெக்கணுமான்னா, கட்டாயம் இல்ல. வெச்சா பயன்படுறதா வையுங்க. சின்ன எவர்சில்வர் டப்பா, குங்குமச் சிமிழ், ஒரு அகல் அளவு பித்தளை விளக்கு, இதெல்லாம் வீட்டுல நிக்கும். மொத்தமா வாங்கறதுன்னா சென்னைல சவுகார்பேட்டை பக்கம் ஒரு நாள் அலையலாம், பித்தளைக்குக் கும்பகோணம். பிளாஸ்டிக்ல மினுமினுன்னு ஒரு சாமி பொம்மை குடுக்குறாங்களே, அது நேரா பரண்ல போய் உக்காந்துரும். ரவிக்கைத் துணி வெக்கறதுன்னா தைக்கிற மாதிரி காட்டன் வாங்குங்க. அந்த வழுவழு பாலியெஸ்டர் துணிய யாரும் தெக்கறது இல்ல, பீரோல இருந்து பைக்கு, பைல இருந்து இன்னொரு பீரோக்குனு ஊரச் சுத்தி வருது, உங்க வீட்டுல இருந்து போனது உங்களுக்கே வந்து சேரும்.

பைய எங்க குடுக்கறது? சாப்பிட்டுக் கைகழுவிட்டு வர்ற வழில. வீட்டு வாசல்ல வெச்சா சாப்பிடப் போறவங்களே வாங்கிட்டு அதைத் தூக்கிட்டே பந்தில உக்காருவாங்க. குடுக்க நிக்கிறவங்க கடைசி வரைக்கும் எந்திரிக்காத ஆளா இருக்கணும், நடுவுல டேபிள விட்டுப் போனா பசங்க ஆளுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போயிரும். ரெண்டு கையாலயும் எடுத்து, "சாப்பிட்டீங்களா, வீட்டச் சுத்திப் பாத்தீங்களா"னு ஒரு வார்த்த கேட்டுக் குடுக்கணும், ரேஷன் கடை மாதிரி தள்ளி விடக் கூடாது.

குங்குமத் தட்டு வெச்சு வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் குங்குமம் பூ குடுக்கற இடத்துல ஒன்னு கவனிங்க. புருஷன இழந்த சித்தியோ பெரியம்மாவோ அந்த டேபிள் பக்கமே வராம சுவத்தோரமா ஒதுங்கி நிப்பாங்க, தட்டு அவங்கள மட்டும் தாண்டிப் போகும், அவங்களும் அது பழகிப் போன மாதிரி மொகத்த வேற பக்கம் திருப்பிக்குவாங்க. உங்க வீடு, உங்க விசேஷம், இத மாத்தறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பை, உள்ள இருக்கறதும் ஒன்னு. தட்டையும் எல்லார்கிட்டயும் நீட்டுங்க, எடுத்துக்கறதும் எடுக்காததும் அவங்க இஷ்டம். வேற மதத்து ஃப்ரெண்ட்ஸ்க்கும் இதே தான், நீட்டுனா போதும், நாமளா நெத்தில வெச்சு விடக் கூடாது. வீட்டம்மாவே போய் அந்தச் சித்தி கைய புடிச்சு பைய குடுத்தா அதுக்கப்புறம் மத்தவங்க யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

வீடு கட்டுனவங்க

இவங்கள மறக்கறது ரொம்ப சாதாரணமா நடக்குது. மேஸ்திரி, கொத்தனார், ஆசாரி, பெயின்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாருக்கும் பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டு, வேட்டி துண்டு எடுத்து, தாம்பாளத்துல வெத்தலை பாக்கோட கொஞ்சம் பணமும் வெச்சுக் குடுக்கணும். சித்தாள் வேலைக்கு வந்த அம்மாக்களுக்கு சேலை. முந்தின ராத்திரி ஆசாரிய வெச்சு தோஷம் போகப் பூஜை போடுற, அதாவது தச்சு கழிக்கிற வழக்கம் உள்ள ஊர்ல ஆசாரிக்கு மரியாதை அப்பவே செஞ்சுருவாங்க. சம்பளப் பாக்கி இருந்தா அத மொத நாளே முடிச்சுருங்க, பாக்கிய வெச்சுக்கிட்டு வேட்டி போத்தறது மரியாதை ஆகாது. சொந்தக்காரங்க முன்னாடி கூப்பிட்டுக் குடுங்க, பின்பக்கமா கூப்பிட்டு இல்ல, அதே பந்தில உக்கார வெச்சு சாப்பாடு போடுங்க.

பக்கத்து வீட்டுக்காரங்களையும் சேத்துக்கங்க. ஒரு வருஷமா நம்ம மணலும் ஜல்லியும் அவங்க கேட்டுக்கு முன்னாடிதான் கெடந்துச்சு, தூசி பூரா அவங்க வீட்டுக்குள்ளதான் போச்சு. விசேஷத்துக்கு முந்தின வாரமே ஸ்வீட் பாக்ஸோட நேர்ல போய்க் கூப்பிடுங்க. அப்பார்ட்மென்ட்னா வாட்ச்மேன், கூட்டிப் பெருக்குறவங்க, லிஃப்ட் ஆப்பரேட்டர் இருந்தா அவரு, எல்லாருக்கும் பை போகணும். ஐயர் தட்சணைய முன்னாடியே பேசி முடிச்சுருங்க, பசு மாடு ஓட்டிட்டு வர்றவருக்குத் தனியா காசு எடுத்து வைங்க, அவரு காத்துட்டே நிப்பாரு.

ராத்திரி வேலை

எல்லாரும் போனதும் டயர்டா இருக்கும், ஆனா மொய் எண்ணி நோட்டோட டேலி பண்றத அன்னிக்கு ராத்திரியே முடிங்க, எழுதுன ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கும்போதே. பார்சல் பிரிக்கிறத மறுநாள் வெச்சுக்கலாம். பிரிக்கும்போது ஒருத்தர் நோட்டுல பேருக்கு நேரா பொருள எழுதிட்டே வரணும்.

கூடுதலா வந்தத வேற விசேஷத்துக்குக் குடுக்கறது ஊர் உலகத்துல நடக்குறதுதான், ஆனா பாத்திரமா இருந்தா விளிம்பையும் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. நம்ம ஆளுங்க எவர்சில்வர்ல பேர் வெட்டாம குடுக்க மாட்டாங்க, புள்ளிப் புள்ளியா சின்னதா இனிஷியலும் தேதியும் குத்தியிருக்கும். அத கவனிக்காம உங்க மாமா பேர் வெட்டுன குடத்த உங்க மச்சான் வீட்டு விசேஷத்துல வெச்சுட்டா அப்புறம் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும். வாங்குன பக்கத்து சொந்தத்துக்கே திருப்பிப் போகக் கூடாது, உள்ள வெச்ச வாழ்த்துக் கார்டயும் எடுத்துரணும்.

வரி பத்தியும் ஒரு வார்த்த. கல்யாணத்துக்கு வர்ற அன்பளிப்புக்கு வருமான வரி கெடையாது, அந்த விலக்கு கிரகப்பிரவேசத்துக்கு இல்ல. அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, பெரியப்பா சித்தப்பா மாமா அத்தை, மாமனார் மாமியார், மச்சான் மாதிரி சட்டம் சொல்ற நெருங்குன சொந்தம் எவ்ளோ குடுத்தாலும் பிரச்சனை இல்ல. மத்தவங்க குடுக்கற பணம் எல்லாம் சேத்து வருஷத்துக்கு 50,000 ரூபாயத் தாண்டுனா முழுத் தொகையும் வருமானத்துல சேரும், தாண்டுனதுக்கு மட்டும்னு நெனச்சுக்காதீங்க. அத்தை பையன், சித்தப்பா பொண்ணுலாம் அந்த சொந்தக்காரங்க லிஸ்ட்ல வரமாட்டாங்கங்கறதுதான் இதுல வேடிக்கை. அதே மாதிரி ஒரே ஆள்கிட்ட இருந்து ஒரு விசேஷத்துக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது, மாமனாரே குடுத்தாலும் செக்கா, பேங்க் மூலமா வாங்கிக்கங்க. மொய் நோட்டு ஒழுங்கா இருந்தா ஆடிட்டர்கிட்ட காட்ட அதுவே உதவும்.

அப்புறம் வர்றவங்க

விசேஷத்தன்னிக்கு வர முடியாதவங்க ஆறு மாசத்துக்கு வந்துட்டே இருப்பாங்க, பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிட்டு, சொல்லாம கொள்ளாம. மிஞ்சுன பைல தேங்காய எடுத்துட்டு மத்தத ஒரு டப்பால போட்டு வைங்க, ரவிக்கைத் துணி, மஞ்சள் குங்குமம், பாக்கு, பசங்களுக்கு நாலு சாக்லேட். வெத்தலை வீட்டுல இல்லாட்டி பழம் வெச்சுக் குடுங்க, அவங்களே வாங்கிட்டு வந்த பழத்த அப்படியே திருப்பி வெக்காதீங்க. சாயங்காலம் வந்தவங்க காபி குடிக்காம கெளம்பக் கூடாது. இவங்க கவர் குடுத்தா அதுவும் நோட்டுல ஏறணும், தேதியோட. இதத்தான் பெரும்பாலும் எழுத மறந்துருவாங்க, அன்னிக்கு நோட்டு பீரோவுக்குள்ள போயிருக்கும்.

திருப்பிச் செய்யும்போது வாங்குனதுக்கு மேல கொஞ்சம் சேத்துச் செய்யணும். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி மாசம் மொய் விருந்தே நடத்துற ஊர்ல இத நல்லா தெரிஞ்சு வெச்சுருக்காங்க, வாங்குன அதே தொகைய மட்டும் வெச்சா கணக்க முடிச்சுக்கிறோம்னு அர்த்தம் ஆயிரும். அவங்க 500 வெச்சு ரொம்ப வருஷம் ஆயிருந்தா அன்னிக்கு 500க்கு இருந்த மதிப்ப யோசிச்சு வைங்க. ஒரு விசேஷத்துக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி நோட்டத் தொறந்து பாக்கற பழக்கம் வேணும், செஞ்சு முடிச்சதும் அந்தப் பேர் பக்கத்துல ஒரு டிக் போட்டு தேதி எழுதணும், இல்லன்னா ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவ செஞ்சுட்டு இன்னொரு வீட்ட விட்ருவீங்க. நோட்டுல எல்லா பக்கத்தையும் ஃபோன்ல போட்டோ எடுத்து வீட்டம்மாவுக்கும் அனுப்பி வைங்க, ஏன்னா "அவங்க நமக்கு எவ்ளோ வெச்சாங்க"ங்கற ஃபோன் எப்பவும் ஒருத்தர் வெளியூர்ல இருக்கும்போதுதான் வரும்.